செலாயாங் மால் முதல் பிரிக்ஃபீல்ட்ஸ் கோபுரம் வரை: ரெயிட் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது?

செலாயாங்கில் வளர்ந்தவர் என்றால் செலாயாங் மாலுக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள் என்று கணக்கே இருக்காது. பள்ளிக்கூடச் சப்பாத்து, தீபாவளி உடுப்பு, மழைக்கு ஒதுங்கிய ஒரு மாலை என ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆனால், "அந்தக் கட்டடம் யாருடையது?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "யாராவது ஒரு பெரிய தவுக்கேவோடதா இருக்கும்."

உண்மை கொஞ்சம் வேறு. செலாயாங் மால், அமானா ராயா ரெயிட்டின் சொத்துப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம். அந்த ரெயிட் 2007 பிப்ரவரியில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இறந்தவர்களின் சொத்து விவகாரங்களுக்காக நம் வீட்டுப் பெரியவர்கள் ஏறி இறங்கிய அதே அமானா ராயா நிறுவனம் தொடங்கி வைத்த ரெயிட் இது. பங்குச் சந்தைக் கணக்கு வைத்திருக்கும் யாரும் அதன் யூனிட்டுகளை வாங்கலாம். அப்படிப் பார்த்தால், அந்த மாலின் முதலாளிகளில் ஓர் ஆசிரியர் இருந்திருக்கலாம், ஒரு லாரி ஓட்டுநர் இருந்திருக்கலாம், ஓய்வு பெற்ற ஒரு தாதியும் இருந்திருக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ரெயிட். தமிழில் நிலச்சொத்து முதலீட்டு அறக்கட்டளை என்று சொல்லலாம். நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகம், நீங்கள் போகும் பேரங்காடி, உங்கள் ஆன்லைன் பார்சல் வந்து இறங்கும் கிடங்கு ஆகிய மூன்றுமே ஏதாவது ஒரு ரெயிட்டின் கையில் இருக்க வாய்ப்பு உண்டு. இது எப்படி இயங்குகிறது, எப்படி நம் ஊருக்கு வந்தது, இதில் எங்கே கவனமாக இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிம்பிளா சொன்னா, ரெயிட் என்றால் என்ன?

ஒரு கடைவீட்டின் விலை 10 லட்சம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் பலர் சேர்ந்தால் முடியும். விலையை 10 லட்சம் யூனிட்டுகளாகப் பிரித்து, ஒரு யூனிட் 1 ரிங்கிட் என்று விற்றால், 100 ரிங்கிட் போட்டவருக்கு 100 யூனிட்.

அந்தக் கடைக்கு ஆண்டு வாடகை 60,000 ரிங்கிட் வருகிறது. பராமரிப்பு, காப்புறுதி, வரி, நிர்வாகச் செலவு என்று 15,000 போய்விட்டால் மிச்சம் 45,000. அதில் 90 விழுக்காட்டைப் பகிர்ந்து கொடுத்தால் 40,500 ரிங்கிட். ஒரு யூனிட்டுக்கு 4.05 சென். 100 யூனிட் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 4 ரிங்கிட் 5 சென். அவ்வளவுதான் கணக்கு. உண்மையான ரெயிட்டில் கடைவீட்டுக்குப் பதில் 30 மாடிக் கோபுரம் இருக்கும், எண்களுக்குப் பின்னால் இன்னும் சில பூஜ்ஜியங்கள் சேரும், கூடவே வங்கிக் கடனும் இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் நான்கு தரப்பினர் உண்டு. பணம் போட்டவர்கள் யூனிட்தாரர்கள். அவர்கள் சார்பில் சொத்தைப் பிடித்து வைத்திருப்பவர் அறங்காவலர். எதை வாங்குவது, எதை விற்பது, யாருக்கு வாடகைக்கு விடுவது என்று முடிவெடுப்பது நிர்வாக நிறுவனம். ஆரம்பத்தில் தன் கட்டடங்களை ரெயிட்டுக்குள் கொண்டுவரும் பெரிய நிறுவனம் ஸ்பான்சர். மேலே இருந்து கண்காணிப்பது பங்குப் பத்திர ஆணையம்.

"இது நம்ம கூட்டு மாதிரிதானே?" என்று உங்கள் அம்மா கேட்கலாம். நல்ல கேள்வி. மாதாமாதம் பணம் போட்டு ஆளுக்கு ஒரு முறை எடுக்கும் கூட்டுச் சீட்டு நம் குடும்பங்களுக்குப் பழகிய விஷயம்தான். மலாயில் குத்து என்று சொல்வதும் அதையேதான். அந்தச் சீட்டைத் தடை செய்யும் 1971-ஆம் ஆண்டு மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே கூட்டு என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. இரண்டிலும் பலர் சேர்ந்து பணம் போடுகிறார்கள். ஆனால் சீட்டில் உங்களுக்கு இருப்பது தலைவி மேல் உள்ள நம்பிக்கை மட்டும். ரெயிட்டில் பத்திரம், அறங்காவலர், தணிக்கை, ஆண்டறிக்கை எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும். அதனால் நட்டமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். பணம் எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

1960: இரண்டு நாடுகள், ஏறக்குறைய ஒரே யோசனை

ரெயிட் பிறந்தது அமெரிக்காவில். 1960 செப்டம்பர் 14 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் அதற்கு வழி திறந்தது. பெரிய கட்டடங்களின் வாடகை வருமானம் பணக்காரர்களுக்கு மட்டும் போகாமல் சிறு முதலீட்டாளர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். வருமானத்தின் பெரும்பகுதியை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பகுதிக்கு அறக்கட்டளை வரி கட்ட வேண்டியதில்லை. இதுதான் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி.

அதே 1960-இல் மலாயாவில் இன்னொரு கூட்டு முயற்சி தொடங்கியது. அது நம்முடையது. அந்தக் காலகட்டத்தில் வெளிநாட்டு முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டம் துண்டானால் வேலை போனது, லயத்து வீடும் சேர்ந்து போனது. அப்போதுதான் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி போட்டார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்த வரிசையில் முதலாவது.

கூட்டுறவும் ரெயிட்டும் ஒன்றல்ல. கூட்டுறவில் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ரெயிட்டில் யூனிட்டுக்கு ஒரு வாக்கு, அதாவது அதிகம் வைத்திருப்பவர் குரல்தான் பெரிது. கூட்டுறவுப் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. ரெயிட் யூனிட்டை நாளைக் காலையிலேயே விற்கலாம். ஆனால் அடிப்படை யோசனை ஒன்றுதான்: தனியாளாக வாங்க முடியாத நிலத்தைச் சிறு தொகைகளைச் சேர்த்து வாங்குவது. பிரிக்ஃபீல்ட்ஸின் பிரதான சாலைக்கு இன்று ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். அந்தச் சாலைக்குச் சற்று நேரத்தில் திரும்பி வருவோம்.

ஆசியாவிலேயே முந்தியது மலேசியா. அப்புறம் ஏன் தாமதம்?

ஜப்பானில் 2001, சிங்கப்பூரில் 2002, ஹாங்காங்கில் 2005, இந்தியாவில் 2019. இவை அந்தந்த நாட்டில் முதல் ரெயிட் பட்டியலிடப்பட்ட ஆண்டுகள். மலேசியாவில் எப்போது தெரியுமா? 1989. அப்போது பெயர் ரெயிட் அல்ல, சொத்து அறக்கட்டளை. அரப்-மலேசியன் முதல் சொத்து அறக்கட்டளை அந்த ஆண்டு கோலாலம்பூர் பங்குச் சந்தைக்கு வந்தது. 1990 டிசம்பரில் அமானா ஹர்த்தா தானா பிஎன்பி வந்தது.

ஆனால் அடுத்த 15 ஆண்டுகள் பெரிய அசைவு இல்லை. வரிச் சலுகை போதவில்லை, கடன் வாங்கவும் கட்டடம் வாங்கவும் கட்டுப்பாடுகள் அதிகம். 1997-98 நிதி நெருக்கடி வந்தபோது சொத்துச் சந்தையே படுத்துவிட்டது. இதற்கிடையே சிங்கப்பூர் வேகமாக முன்னேறியது.

2005 ஜனவரியில் பங்குப் பத்திர ஆணையம் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ரெயிட் என்ற பெயர் நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்தது அதன் பிறகுதான். வரி விதியும் மாறியது. 2007 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல், மொத்த வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது யூனிட்தாரர்களுக்குக் கொடுக்கும் ரெயிட்டுக்கு அந்த ஆண்டு வருமான வரி இல்லை.

பலன் உடனே தெரிந்தது. 2005 ஆகஸ்டில் எக்சிஸ் ரெயிட், டிசம்பரில் ஸ்டார்ஹில் ரெயிட். 2006 ஆகஸ்டில் மருத்துவமனைக் கட்டடங்களை வைத்து அல்-அக்கார் கேபிஜே ரெயிட் வந்தது. உலகில் முதலில் பட்டியலிடப்பட்ட இஸ்லாமிய ரெயிட் அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் சுபாங் பரேட் பேரங்காடியோடு ஹெக்தார் ரெயிட். 2010-இல் சன்வே ரெயிட், 2011-இல் பவிலியன் ரெயிட், 2012-இல் மிட் வேலி மெகாமாலையும் கார்டன்ஸ் மாலையும் வைத்து ஐஜிபி ரெயிட். 2013-இல் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களே இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்த ரெயிட்: ஒரு முழுக் கதை

பட்டியலை மட்டும் படித்தால் எதுவும் புரியாது. ஒரே ஒரு ரெயிட்டின் கதையைப் பின்தொடர்ந்தால் எல்லாம் விளங்கும். அதற்கு நல்ல உதாரணம் இன்று சென்ட்ரல் ரெயிட் என்று அழைக்கப்படும் வணிகக் கட்டட ரெயிட்.

இது 2007 ஜனவரி 8 அன்று குவில் கேபிட்டா டிரஸ்ட் என்ற பெயரில் பட்டியலிடப்பட்டது. பின்னால் இருந்தவர்கள் இருவர்: மலேசியாவின் குவில் குழுமம், 30 விழுக்காடு வைத்திருந்த சிங்கப்பூரின் கேபிட்டா கமர்ஷியல் டிரஸ்ட். கையில் இருந்த சொத்துகள் சைபர்ஜெயாவில். கட்டடங்களின் பெயரிலேயே வாடகைதாரரின் பெயரும் ஒட்டியிருந்தது: டிஎச்எல், எச்எஸ்பிசி, பிஎம்டபிள்யூ. ஒரு கட்டடம், ஒரு பெரிய நிறுவனம், நீண்ட ஒப்பந்தம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்து அந்த ஒரே வாடகைதாரர் கிளம்பிவிட்டால்? பாதிக் கட்டடம் அல்ல, முழுக் கட்டடமும் காலி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கோலாலம்பூரில் சில கட்டடங்களும் பினாங்கு ஜெலுத்தோங்கில் டெஸ்கோ கட்டடமும் சேர்ந்தன. அதன் பிறகு வளர்ச்சி நின்றது. வாங்கிப் போட ஸ்பான்சரிடம் போதிய கட்டடங்கள் இல்லை. ரெயிட் உலகில் இது முக்கியமான விஷயம். ஸ்பான்சரிடம் சரக்கு இருந்தால்தான் ரெயிட் வளரும்.

சரக்கு இருந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. பிறகு ரயில்வே யார்டு. இந்தியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த தமிழர்கள் ரயில்வே குவாட்டர்ஸில் வாழ்ந்த இடம். அந்த ரயில்வே நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. சுற்றிலும் எழுந்த கோபுரங்களைக் கட்டிய முக்கிய நிறுவனம் எம்ஆர்சிபி. அந்த நிறுவனத்தில் ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது உங்கள் ஈபிஎஃப், பெரிய பங்குதாரர்.

2015 மார்ச்சில் எம்ஆர்சிபியின் பிளாட்டினம் சென்ட்ரல் வளாகத்தை ரெயிட் வாங்கியது. விலை 740 மில்லியன் ரிங்கிட். அதோடு பெயரும் எம்ஆர்சிபி-குவில் ரெயிட் என்று மாறியது. 2016 டிசம்பரில் 640 மில்லியன் ரிங்கிட்டுக்கு மெனாரா ஷெல் வந்தது. அந்த 33 மாடிக் கோபுரத்தின் முகவரி எண் 211, ஜாலான் துன் சம்பந்தன்.

ஆமாம், அதே சாலைதான். மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய மனிதரின் பெயரில் உள்ள சாலையில், சென் கணக்கில் யூனிட் விற்கும் ரெயிட்டின் கோபுரம் நிற்கிறது. பிறகு ரெயிட்டின் பெயர் சென்ட்ரல் ரெயிட் ஆனது. 2023-இல் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மெனாரா செல்கோம்டிஜியை 450 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கியது.

ரெயிட் பெருசாச்சு. யூனிட்தாரர் பெருசானாரா?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரெயிட் பெரிதாவது ஒன்று, உங்கள் யூனிட்டின் வருமானம் பெரிதாவது இன்னொன்று.

பிளாட்டினம் சென்ட்ரலுக்கான 740 மில்லியனில் 476 மில்லியன் ரொக்கம். மீதி 264 மில்லியனுக்கு, ஒரு யூனிட் 1.28 ரிங்கிட் என்ற கணக்கில், 206.25 மில்லியன் புதிய யூனிட்டுகள் விற்பனையாளர் தரப்புக்கே கொடுக்கப்பட்டன. ரொக்கம் திரட்டவும் புதிய யூனிட்டுகள் வெளியிடப்பட்டன. மொத்த யூனிட் எண்ணிக்கை சுமார் 390 மில்லியனிலிருந்து சுமார் 661 மில்லியன் ஆனது. மெனாரா ஷெல் வாங்கிய பிறகு அது 1,000 மில்லியனைத் தாண்டியது.

இதன் பொருள் என்ன? 2014-இல் ரெயிட்டின் முழு உரிமையும் அன்றைய யூனிட்தாரர்களிடம் இருந்தது. 2015-இல் அதே யூனிட்டுகளின் பங்கு 59 விழுக்காடாகக் குறைந்தது. மெனாரா ஷெல்லுக்குப் பிறகு 40 விழுக்காட்டுக்கும் கீழே போனது. தட்டு பெரிதானது உண்மை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர்களும் அதிகமானார்கள். புதிய கட்டடம் கொண்டுவரும் வாடகை, புதிய யூனிட்டுகளுக்கும் புதிய கடனுக்கும் ஈடு கொடுத்து அதற்கு மேலும் மிச்சம் வைத்தால்தான் பழைய யூனிட்தாரருக்கு லாபம்.

1.28 ரிங்கிட் என்ற அந்த விலையையும் கவனியுங்கள். 2020-க்குப் பின் வந்த ஆண்டுகளில் இதே யூனிட் 1 ரிங்கிட்டுக்குக் கீழே புழங்கியது. இடையில் வாடகைப் பகிர்வு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் முதலில் போட்ட பணத்தின் சந்தை மதிப்பு குறைந்தது. "வாடகை வருமானம்தானே, பத்திரமா இருக்கும்" என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கட்டடத்தை விற்ற எம்ஆர்சிபி, அதே பரிவர்த்தனையில் ரெயிட்டின் மிகப் பெரிய யூனிட்தாரராகவும் நிர்வாக நிறுவனத்தின் பங்குதாரராகவும் ஆனது. விற்பவரும் வாங்குபவரும் உறவுக்காரர்கள் மாதிரி. இது ரெயிட் உலகில் சகஜம், சட்ட விரோதம் அல்ல. அதனால்தான் பெரிய உறவுமுறைப் பரிவர்த்தனைகளுக்குச் சுயேச்சை மதிப்பீடும் யூனிட்தாரர் கூட்டத்தின் ஒப்புதலும் வேண்டும். சம்பந்தப்பட்ட தரப்பு அந்த வாக்கெடுப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும். சிறு முதலீட்டாளரின் வாக்குக்கு உண்மையான எடை இருக்கும் தருணம் அதுதான். ஆனால் அந்தக் கூட்டங்களுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

நிர்வாகக் கட்டணமும் பெரும்பாலும் மொத்தச் சொத்து மதிப்பையும் நிகரச் சொத்து வருமானத்தையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. அதாவது ரெயிட் பெரிதானால் நிர்வாகத்தின் கட்டணமும் கூடும், உங்கள் யூனிட்டுக்கான பகிர்வு கூடாவிட்டாலும்.

கடன், வட்டி, கோவிட்: அடி எங்கிருந்து வரும்?

வருமானத்தில் பெரும்பகுதியைப் பகிர்ந்துவிடுவதால் ரெயிட்டின் கையில் சேமிப்பு குறைவு. புதிய கட்டடம் வாங்க வேண்டும் என்றால் கடன் வாங்க வேண்டும், இல்லை புதிய யூனிட் வெளியிட வேண்டும். கடனுக்கு உச்சவரம்பு மொத்தச் சொத்து மதிப்பில் 50 விழுக்காடு. கோவிட் காலத்தில், 2020 ஆகஸ்டில், இதை 2022 இறுதி வரை தற்காலிகமாக 60 விழுக்காடாக உயர்த்தினார்கள்.

கடன் இருந்தால் வட்டி விகிதம் உங்கள் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது. 2023 மே மாதம் அது 3 விழுக்காடு. ரெயிட்டின் வட்டிச் செலவு ஏறினால் பகிர்ந்து கொடுக்க மிச்சமாவது குறையும். அதோடு நிலையான வைப்புத் தொகைக்கு வங்கி கூடுதல் வட்டி கொடுத்தால், "எதுக்கு இந்த ரிஸ்க்?" என்று மக்கள் யூனிட்டை விற்பார்கள். விலை இறங்கும்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பேரங்காடிகளின் விளக்குகள் அணைந்தன. கடைக்காரர்கள் வாடகைத் தள்ளுபடி கேட்டார்கள். பேரங்காடி ரெயிட்டுகளின் பகிர்வு சரிந்தது. அலுவலக ரெயிட்டுகளுக்கு அடி மெதுவாக வந்தது. வீட்டிலிருந்து வேலை என்ற பழக்கம் ஒரு பக்கம், டிஆர்எக்ஸிலும் மெர்டேக்கா 118-இலும் புதிய அலுவலக இடம் இன்னொரு பக்கம். வாடகைதாரருக்குத் தேர்வு அதிகமானால் பழைய கட்டடத்தின் முதலாளிக்குப் பேரம் பேசும் பலம் குறையும். அப்படிப்பட்ட காலத்தில்தான், 2021 செப்டம்பரில், 10 அலுவலகச் சொத்துகளோடு ஐஜிபி கமர்ஷியல் ரெயிட் சந்தைக்கு வந்தது. அவற்றில் பல, பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள மிட் வேலி சிட்டியில்.

எல்லா ரெயிட்டும் ஒரே மாதிரி அடி வாங்கவில்லை. ஆன்லைனில் பொருள் வாங்கும் பழக்கம் கூடியபோது கிடங்குகளுக்குத் தேவை கூடியது. கிள்ளான் புக்கிட் ராஜாவில் எக்சிஸ் ரெயிட்டுக்கு விநியோக மையங்கள் உண்டு. சன்வே ரெயிட் 2024-இல் ஈபிஎஃப்பிடமிருந்து 6 ஹைப்பர்மார்க்கெட் கட்டடங்களை 520 மில்லியன் ரிங்கிட்டுக்கு வாங்கி முடித்தது. கிள்ளானில் உள்ள ஜயன்ட் கட்டடமும் அதில் ஒன்று. சாமான் வாங்கும் மக்கள் கூட்டம் அப்படியே இருக்க, முதலாளி மட்டும் மாறினார்.

"மைக்காவில் போட்டது போதும்" என்று அப்பா சொன்னால்?

இந்தக் கட்டுரையை வீட்டில் காட்டினால் இந்தப் பதில் வரக்கூடும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். 1980களில் மஇகாவின் முயற்சியில் உருவான மைக்கா ஹோல்டிங்ஸ், சுமார் 66,000 இந்தியர்களிடமிருந்து 106 மில்லியன் ரிங்கிட் திரட்டியது. பலர் நகையை அடகு வைத்தும் சேமநிதியை எடுத்தும் போட்ட பணம் அது. எதிர்பார்த்த லாபம் வரவில்லை. பல ஆண்டு சர்ச்சைக்குப் பிறகு 2010-இல் ஒரு பங்குக்கு 80 சென் என்ற விலையில் பங்குகளை வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. போட்ட 1 ரிங்கிட்கூட முழுதாகத் திரும்பவில்லை, அதுவும் கால் நூற்றாண்டு கழித்து.

அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், "கூட்டாக முதலீடு செய்யாதே" என்பது அல்ல. மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. வெளியேற நினைத்தவருக்கு விற்க இடமில்லை, அன்றாட விலையும் தெரியாது. பட்டியலிடப்பட்ட ரெயிட்டில் விலை தினமும் தெரியும், காலாண்டுக் கணக்கு வரும், பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வெளியேறலாம், நட்டத்திலாவது. வெளியேறும் கதவு எங்கே இருக்கிறது என்று உள்ளே போகும் முன் பார்க்க வேண்டும். பாடம் அதுதான்.

இன்று அந்தக் கதவு இல்லாத திட்டங்கள் டெலிகிராமிலும் வாட்ஸாப்பிலும் வருகின்றன. "ரெயிட் முதலீடு, மாதம் 10 விழுக்காடு உத்தரவாதம்" என்று யாராவது சொன்னால் அது ரெயிட் அல்ல. எந்த உண்மையான ரெயிட்டும் வருமானத்துக்கு அப்படி உத்தரவாதம் கொடுக்காது. பங்குப் பத்திர ஆணையத்தின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது. முதலில் அதில் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

பங்குச் சந்தைக் கணக்கைத் திறந்தால் 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம். யூனிட் 80 சென் என்றால் 80 ரிங்கிட்டும் தரகுக் கட்டணமும். தொகை சிறியது என்பதால் கேள்வி கேட்காமல் விட்டுவிடாதீர்கள். ஆண்டறிக்கையைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்.

1. வாடகைதாரர் யார்? ஒரே ஒரு பெரிய நிறுவனமா, 200 சிறு கடைகளா? அடுத்த 2 ஆண்டுகளில் எத்தனை விழுக்காடு ஒப்பந்தங்கள் முடிகின்றன?

2. காலியாக உள்ள இடம் எவ்வளவு? கடந்த 5 ஆண்டுகளில் அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

3. கடன் எத்தனை விழுக்காடு? உச்சவரம்பான 50-க்குப் பக்கத்தில் நிற்கிறதா? வட்டி நிலையானதா, மாறக்கூடியதா?

4. யூனிட் ஒன்றுக்கான பகிர்வு எப்படிப் போகிறது? மொத்த வருமானத்தை அல்ல, யூனிட்டுக்கான சென்னைப் பாருங்கள்.

5. கட்டடம் நிற்கும் நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா? 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம்?

6. பகிர்வுக்கு எவ்வளவு வரி? தனிநபருக்கு 2009 முதல் பல ஆண்டுகளாக 10 விழுக்காடு பிடித்தம் செய்து மீதியைக் கொடுத்தார்கள். இது கால வரையறையோடு வந்த சலுகை என்பதால், நீங்கள் வாங்கும் ஆண்டின் விதியைச் சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். "பகிர்வு 9 விழுக்காடு" என்று பெரிய எண் தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். பகிர்வு கூடியதால் அந்த எண் வந்ததா, யூனிட் விலை விழுந்ததால் வந்ததா என்று பாருங்கள். 9 சென் பகிர்வு, 1 ரிங்கிட் யூனிட் என்றால் 9 விழுக்காடு. விலை 75 சென்னுக்கு விழுந்தால் அதே 9 சென் 12 விழுக்காடாகத் தெரியும். யாரும் பணக்காரர் ஆகவில்லை, சந்தை பயந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நான் யூனிட்டே வாங்கப் போறதில்லை. எனக்கு இது எதுக்கு?

நீங்கள் ஈபிஎஃப் உறுப்பினர் என்றால் உங்கள் பணம் ஏற்கெனவே மறைமுகமாக ரெயிட்டுகளில் இருக்கிறது. நீங்களோ உங்கள் அக்காவோ ஒரு பேரங்காடியில் கடை எடுத்து நடத்தினால், வாடகையை ஏற்றச் சொல்லி வரும் கடிதத்தின் பின்னால் 90 விழுக்காட்டைப் பகிர வேண்டிய ஒரு ரெயிட் இருக்கலாம். அதன் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அந்தக் கட்டடத்தில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த முறை வாடகை பேசப் போகும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். தனியார் முதலாளியிடம் அந்தத் தகவலைக் கேட்டால் கிடைக்காது. ரெயிட்டாக இருந்தால் அதை வெளியிட்டே ஆக வேண்டும்.